எண்ணும் அறமும் கற்பித்த மகாவீராச்சாரியர்

மகாவீரர் என்னும் திருநாமத்தைக் கேட்ட மாத்திரத்தில் சமணர் உள்ளத்தில் எழுந்தருள்பவர் இருபத்துநான்காம் தீர்த்தங்கரராகிய வர்த்தமான சுவாமியே ஆவார். அப்பெருமானின் நாமத்தையே தாங்கி, அவர் நிர்வாணம் எய்தி ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின், தென்னாட்டில் வாழ்ந்த மற்றொரு மகாவீரர் உண்டு. அவர் தீர்த்தங்கரர் அல்லர், அரசரும் அல்லர். சிறுவர்க்குப் பெருக்கலும் வகுத்தலும் பின்னமும் கற்பிக்க நூல் செய்த ஆசிரியர். கணித சார சங்கிரகம் என்னும் அந்நூலால் உலகெங்கும் அறியப்பெற்ற மகாவீராச்சாரியர் அவரே.

அவர் தம் தந்தை பெயரையோ பிறந்த ஊரையோ நூலில் எங்கும் குறிக்கவில்லை. பண்டைச் சமண ஆசிரியர் பலரைப் போலவே அவரும் தம்மை மறைத்துக்கொண்டு தாம் கற்பித்ததை மட்டும் முன்வைத்தார். ஆயினும் நூலே அவர் வாழ்க்கைக்குச் சான்றாக நிற்கிறது. அவர் எக்காலத்தவர், எந்நெறியினர், எவரை மதித்தார், மாணவரை எவ்வாறு நடத்தினார் என்பன யாவும் ஆயிரத்து நூற்றுக்கும் மேற்பட்ட அதன் சுலோகங்களிலிருந்து தெளிவாகின்றன.

மானியகேடத்து மன்னனும் சமணச் சான்றோரும்

ஒன்பதாம் நூற்றாண்டில் தக்காணத்தின் பெரும்பகுதியை இராட்டிரகூடர் ஆண்டனர். அவர்தம் தலைநகர் மானியகேடம். இன்று கருநாடக மாநிலம் கலபுரகி மாவட்டத்தில் மால்கேட் என்னும் சிற்றூராக அது நிற்கிறது. 814-ஆம் ஆண்டளவில் இளம் பருவத்திலேயே அரியணை ஏறிய அமோகவர்ஷ நிருபதுங்கர் ஏறத்தாழ 64 ஆண்டுகள் அரசாண்டார். அக்காலத்து அரபு வணிகர் இராட்டிரகூட வேந்தரை உலகின் நான்கு பேரரசர்களுள் ஒருவராக எண்ணினர். இருப்பினும் அமோகவர்ஷரின் பெயர் நிலைத்தது போர்களால் அன்று. அவர் காலத்தில் எழுந்த நூல்களாலேயே ஆகும்.

அவர் குருவாகப் போற்றியவர் ஜினசேனாச்சாரியர். தம் ஆசிரியர் வீரசேனர் தொடங்கிய ஜயதவளை உரையை 837-இல் நிறைவு செய்தவரும், மகாபுராணத்தின் முற்பகுதியாகிய ஆதிபுராணத்தை இயற்றியவரும் அவரே. சாகடாயனரின் இலக்கணத்திற்கு எழுந்த உரை இம்மன்னரின் பெயராலேயே அமோகவிருத்தி எனப்பட்டது. கன்னட மொழியில் இன்று கிடைக்கும் நூல்களுள் மிகப் பழமையானதாகிய கவிராஜமார்க்கமும் இவ்வவையிற் பிறந்ததே.

இத்தகைய காலத்தில், 850-ஆம் ஆண்டையொட்டி, மகாவீராச்சாரியர் தம் கணித நூலை இயற்றினார். நூலின் தொடக்கத்தில் நான்கு அனந்தங்களையும் உடைய ஜினேந்திரரை வணங்கி, எண்ணறிவு என்னும் விளக்கால் உலகனைத்தையும் ஒளிபெறச் செய்தவர் அப்பெருமானே என்று போற்றுகிறார். அதனை அடுத்து அமோகவர்ஷரைப் புகழ்கிறார். அப்புகழ்ச்சியில் மன்னரின் யானைப் படையும் வெற்றி முரசும் இடம்பெறவில்லை. உயிர்கள் துன்பமின்றி வாழ நாட்டைக் காத்தமையும், தியானத் தீயால் வினைப் பகையை எரித்தமையும், ஒருதலைக் கொள்கைகளைத் தவிர்த்துச் சியாத்வாத நெறியில் நின்றமையும் பேசப்படுகின்றன. கணித நூல் ஒன்றின் முகப்பில் அகிம்சையும் அனேகாந்தமும் வைக்கப்பெற்றது இவ்வாறு.

எண்ணைத் தனி நூலாக்கியவர்

எண்ணியல் சமணர்க்குப் புதிதன்று. ஆகமப் பொருளை நான்கு அனுயோகங்களாக வகுத்தபோது கரணானுயோகம் எனத் தனிப் பிரிவே அமைந்தது. மூவுலக அளவுகளும், தீவு கடல்களின் விரிவும், கால அளவுகளும் அதில் அடங்கும். யதிவிருஷபரின் திலோயபண்ணத்தியும் வீரசேனரின் தவளை உரையும் பேரெண்களை மிக எளிதாகக் கையாள்கின்றன. எண்ணத்தக்கது, எண்ணற்றது, முடிவிலாதது என்று எண்ணை மூவகைப்படுத்தி ஆராய்ந்த மரபு அது.

சமணர் அல்லாத பேராசிரியர்களும் கணிதத்தை வளர்த்தனர். ஆரியபட்டரும், 628-இல் நூல் செய்த பிரம்மகுப்தரும் அவருள் தலையானவர். ஆனால் அவர்கள் கணிதத்தை வானியல் நூல்களின் ஒரு பகுதியாகவே வைத்தனர். கோள்நிலை கணிக்கும் அறிஞர்க்கு அது போதும். கடையில் அமரப்போகும் சிறுவனுக்கும், நிலம் அளக்கும் இளைஞனுக்கும், நகை செய்யும் பொற்கொல்லனின் மகனுக்கும் அது எட்டாத உயரத்தில் இருந்தது.

மகாவீராச்சாரியர் செய்த முதற் பெருந்தொண்டு, கணிதத்தை வானியலிலிருந்து பிரித்துத் தனிப் பாடநூலாக அமைத்தது. சமையல், மருத்துவம், இசை, நாடகம், கட்டடக் கலை, யாப்பு, வாணிகம், இலக்கணம், கிரகண கணிதம், உலகங்களின் அளவு என எங்கும் எண் வேண்டப்படுகிறது என்று அவர் ஒரு நீண்ட பட்டியலே தருகிறார். தாம் புதிதாக எதையும் படைத்ததாகக் கூறிக்கொள்ளவில்லை. கடலிலிருந்து மணியையும், கல்லிலிருந்து பொன்னையும், சிப்பியிலிருந்து முத்தையும் எடுப்பது போல முன்னோர் நூல்களிலிருந்து சாரத்தை மட்டும் எடுத்ததாகவே அடக்கத்துடன் உரைக்கிறார். நூலின் பெயரும் அதுவே: கணிதத்தின் சாரத் தொகுப்பு.

சூத்திரமும் பயிற்சியும்

கணித சார சங்கிரகம் ஒன்பது அதிகாரங்களை உடையது. முதலாவது அளவுப் பெயர்களையும் எண்ணிடங்களையும் கற்பிக்கிறது. அடுத்தவை அடிப்படைச் செயல்கள், பின்னங்கள், பின்னம் பற்றிய பல்வகைக் கணக்குகள், மூன்று தொகைகள் தெரிந்தவிடத்து நான்காவதைக் காணும் திரைராசிகம், வட்டி முதலிய கலப்புக் கணக்குகள், நிலப்பரப்பு, அகழ்வும் கன அளவும், நிழலளவு என வரிசையாக அமைந்துள்ளன. எளிதிலிருந்து அரிதிற்குச் செல்லும் அவ்வைப்பு முறை, இன்றைய தொடக்கப்பள்ளி நூல் தொடங்கி நடுநிலைப்பள்ளி நூல் வரை உள்ள வரிசையையே பெரிதும் ஒத்திருக்கிறது.

அக்காலத்து மாணவனுக்குத் தாள் இல்லை. பலகையில் புழுதியையோ மணலையோ பரப்பி, விரலால் எண்ணை எழுதி, அழித்து, மீண்டும் எழுதுவான். பலகைக்குரிய பாடீ என்னும் வடசொல்லாலேயே இக்கணக்கு முறை பாடீகணிதம் எனப் பெயர் பெற்றது. புழுதியில் எழுதியது நிற்காது. ஆதலால் விதி நினைவில் நிற்க வேண்டும். ஆகவே விதி சுலோகமாக அமைந்தது. அதனைக் கரண சூத்திரம் என்றனர். விதியை மனப்பாடம் செய்த பின், அதனைப் பயன்படுத்திப் பார்க்க உத்தேசகம் என்னும் எடுத்துக்காட்டுக் கணக்குகள் வரும். மகாவீராச்சாரியர் ஒரு விதி கூறினால் அதன்கீழ்ப் பயிற்சிகள் பல தருகிறார். விதியை அறிவது ஒன்று, அதில் கை பழகுவது வேறு என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார்.

அடிப்படைச் செயல்கள் எட்டு என்று அவர் வகுத்தார். பெருக்கல், வகுத்தல், வர்க்கம், வர்க்கமூலம், கனம், கனமூலம், தொடர்களின் கூட்டல், தொடர்களின் கழித்தல் என்பன அவை. சாதாரணக் கூட்டலையும் கழித்தலையும் அவர் தனியே கற்பிக்கவில்லை. அவை வீட்டிலேயே கற்றுவரத் தக்கவை என்னும் கருத்தாலாகலாம்.

எண்ணிடங்களை அவர் 24 வரை பெயரிட்டு வரிசைப்படுத்தினார். ஏகம், தசம், சதம், சகஸ்ரம் எனத் தொடங்கி மகாக்ஷோபம் என்பதில் அவ்வரிசை முடிகிறது. அது 1-ஐ அடுத்து 23 சுழியங்கள் வரும் எண்.

சுலோகத்தில் எண்களைக் குறிக்க அவர் கையாண்ட சொற்கள் சமண இல்லங்களுக்கு மிகவும் உவப்பானவை. பண்டைக் கணித நூலார் நிலவை 1 எனவும் கண்ணை 2 எனவும் குறிப்பது வழக்கம். மகாவீராச்சாரியர் அவற்றோடு சமணத் தத்துவச் சொற்களையும் எண்ணாக்கினார். மும்மணியாகிய இரத்தினத்திரயத்தால் இரத்தினம் என்பது 3 ஆயிற்று. கஷாயம் 4, தத்துவம் 7, கர்மம் 8, பதார்த்தம் 9. கணக்கைச் செய்யும் சிறுவன், தத்துவம் எத்தனை, வினை எத்தனை என்பதை நினைவுகூராமல் அடுத்த அடிக்குச் செல்ல இயலாது. எண்பாடமும் அறப்பாடமும் ஒரே மூச்சில் நடந்தன.

ஜினாலயத்தில் கோத்த மாலைகள்

பெருக்கல் பாடம் ஜினாலயத்தில் தொடங்குகிறது. ஓர் ஆலயத்திற்கு எட்டுத் தாமரை மலர்களாக 144 ஆலயங்களுக்கு அருச்சனை செய்தால் மலர்கள் எத்தனை? விடை 1152. ஓர் ஆலயத்திற்கு ஒன்பது பத்மராக மணிகளாக 288 ஆலயங்களுக்கு எத்தனை? விடை 2592. இவ்விரண்டும் கை பழகுவதற்கான எளிய கணக்குகள்.

அடுத்து ஒரு கணக்கு வருகிறது. ஓர் ஆலயத்தில் 139 புஷ்பராக மணிகள் சாத்த வேண்டுமானால் 109 ஆலயங்களுக்கு எத்தனை மணிகள் வேண்டும்? மாணவன் புழுதிப் பலகையில் பெருக்கி முடிக்கும்போது 15151 என்னும் எண் தோன்றும். இடமிருந்து வாசித்தாலும் வலமிருந்து வாசித்தாலும் ஒன்றே. தன் விடை சரியானது என்பதை ஆசிரியரைக் கேளாமலே அச்சிறுவன் அறிவான்; அறிந்து மகிழ்வான்.

இத்தகைய எண்களை மகாவீராச்சாரியர் கழுத்தணிகளாகவும் மாலைகளாகவும் வருணித்தார். அவர் தந்த பெருக்கல்களுட் சில பின்வருவன:

12345679 × 9 = 111111111
152207 × 73 = 11111111
142857143 × 7 = 1000000001
11011011 × 91 = 1002002001
333333666667 × 33 = 11000011000011
27994681 × 441 = 12345654321

கடைசிக் கணக்கில் ஒன்றிலிருந்து ஆறுவரை ஏறி மீண்டும் ஒன்றுவரை இறங்கும் எண் வரிசை, நடுவில் பெருமணி பதித்த ஆரம்போல் அமைகிறது. ஓரிடத்தில் ஓர் இலக்கம் பிழைத்தாலும் மாலை அறுந்துவிடும். பெருக்கற் பயிற்சி சலிப்பூட்டுவது என்பது எக்காலத்தும் மாணவர் கூறும் குறை. அக்குறையை அதட்டலால் தீர்க்காமல் அழகால் தீர்த்த ஆசிரியர் இவர். ஒவ்வொரு பெருக்கலின் முடிவிலும் ஒரு பரிசை ஒளித்து வைத்தார். உழைப்பவன் கைக்கே அது கிட்டும்.

பின்னத்தின் அச்சம் நீக்கியவர்

சிறுவர் கணக்கில் தடுமாறும் முதலிடம் பின்னம். கீழெண்கள் வேறுபட்ட பின்னங்களைக் கூட்டும்போது எல்லாக் கீழெண்களையும் பெருக்கிவிடுவது பழைய முறை. அதனால் எண்கள் தேவையின்றிப் பெருகும். மகாவீராச்சாரியர், கீழெண்களின் பொதுக் காரணிகளை நீக்கி மிகச் சிறிய பொது மடங்கைக் காணும் விதியை வகுத்து, அதற்கு நிருத்தம் எனப் பெயரிட்டார். இந்தியக் கணித நூல்களுள் மீச்சிறு பொது மடங்கைப் பின்னக் கூட்டலுக்கு முதன்முதலாக விதியாக்கித் தந்தவர் இவரே என்று கணித வரலாற்றாசிரியர் கூறுவர். இன்று ஐந்தாம் ஆறாம் வகுப்புகளில் பிள்ளைகள் போடும் மீ.சி.ம. கணக்கின் பின்னே இச்சமண ஆச்சாரியரும் நிற்கிறார்.

முழுமையாகிய ஒன்றை, மேலெண் ஒன்றேயாகிய பின்னங்களாகப் பிரிக்கும் வழியையும் அவர் காட்டினார். சான்றாக, அரை, மூன்றில் ஒன்று, ஒன்பதில் ஒன்று, பதினெட்டில் ஒன்று ஆகிய நான்கையும் கூட்டினால் சரியாக ஒன்று வரும். ஐந்து பின்னங்கள் வேண்டுமாயின் அரை, மூன்றில் ஒன்று, ஒன்பதில் ஒன்று, இருபத்தேழில் ஒன்று, ஐம்பத்துநான்கில் ஒன்று. நடுவில் உள்ளவை மும்மடங்காகப் பெருகும் கீழெண்களைப் பெறுகின்றன. கடைசியில் வருவது மட்டும் தனக்கு முந்தியதன் இருமடங்கு. எத்தனை பின்னங்கள் வேண்டினும் இவ்விதி பொருந்தும்.

கதையாக வந்த கணக்குகள்

வசந்த கால இரவொன்றில் ஒரு பெண்ணின் முத்துமாலை அறுந்து சிதறுகிறது. முத்துகளில் மூன்றில் ஒரு பங்கைத் தோழி பொறுக்கினாள். ஆறில் ஒரு பங்கு படுக்கையில் விழுந்தது. எஞ்சியதில் பாதி, அதன்பின் எஞ்சியதில் பாதி என ஆறு முறை எங்கெங்கோ உருண்டது. மாலையில் மிஞ்சியவை 1161 முத்துகள். மாலையில் முதலில் இருந்தவை எத்தனை? மூன்றில் ஒன்றும் ஆறில் ஒன்றும் சேர்ந்து பாதி. எஞ்சிய பாதி ஆறு முறை பாதியாகும்போது 128-இல் ஒரு பங்கு மிஞ்சும். ஆகவே மொத்தம் 148608 முத்துகள். பாதி எனவும் மூன்றில் ஒன்று எனவும் பிரித்துப் பழகிய மாணவனுக்கு இக்கணக்கு ஒரு கதையாகவே செல்லும்.

ஒட்டகக் கூட்டமொன்றில் கால் பங்கு காட்டில் தென்பட்டது. மொத்தத்தின் வர்க்கமூலத்தைப் போல் இருமடங்கு மலைச்சாரலுக்குச் சென்றது. ஆற்றங்கரையில் நின்றவை 15. விடை 36. அதில் கால் பங்கு 9, மூலமாகிய ஆறின் இருமடங்கு 12, கரையில் 15. கூட்டிப் பார்த்தால் கணக்கு நேராகும்.

காட்டுவழியில் களைத்து வந்த 23 வழிப்போக்கர்கள் சம எண்ணிக்கையுள்ள 63 குவியல் வாழைப்பழங்களையும் தனியே ஏழு பழங்களையும் கண்டு, மிச்சமின்றிச் சமமாகப் பங்கிட்டுக்கொள்கின்றனர். குவியலுக்குப் பழங்கள் எத்தனை? குவியலுக்கு ஐந்து எனக் கொண்டால் மொத்தம் 322. ஒருவர்க்கு 14 பழங்கள். இன்னும் பல விடைகளும் உண்டு என்பதையும், அவற்றைக் காணும் முறையையும் அவ்விதி கற்பிக்கிறது.

மூன்று வணிகர் வழியில் ஒரு பணப்பையைக் காண்கின்றனர். அப்பை முதல்வனிடம் சேர்ந்தால் அவன் செல்வம் மற்ற இருவரின் செல்வத்தைப் போல் இருமடங்காகும். இரண்டாமவனிடம் சேர்ந்தால் மும்மடங்கு. மூன்றாமவனிடம் சேர்ந்தால் ஐம்மடங்கு. பையில் 15 காசும், மூவர் கையில் முறையே 1, 3, 5 காசுகளும் இருப்பின் இது பொருந்தும்.

துவர்ப்பு, கசப்பு, புளிப்பு, கார்ப்பு, உவர்ப்பு, இனிப்பு ஆகிய அறுசுவைகளை ஒன்றாகவும் இரண்டாகவும் மூன்றாகவும் சேர்த்து எத்தனை வகைச் சுவைகள் பெறலாம் என்பது இன்னொரு கணக்கு. தனித்தனியே 6, இரண்டிரண்டாக 15, மும்மூன்றாக 20, நந்நான்காக 15, ஐயைந்தாக 6, ஆறும் சேர்ந்து 1, ஆக 63. சலாகா புருஷர் தொகையும் அறுபத்துமூன்றே என்பதைச் சமணச் சிறுவன் உடனே நினைவுகூர்வான். பல பொருள்களிலிருந்து சிலவற்றைத் தேர்ந்தெடுக்கும் வழிகளின் எண்ணிக்கைக்கு எந்த அளவிற்கும் பொருந்தும் பொது விதியைத் தெளிவாக எழுதி வைத்தவர் மகாவீராச்சாரியர்.

கணக்கன் என்பான் யார் என்பதற்கும் அவர் இலக்கணம் கூறினார். சுருங்கச் செய்யும் திறன், ஊகித்தறிதல், பொருந்தாததை விலக்குதல், சோம்பாமை, விரைந்து பற்றிக்கொள்ளுதல், மறவாமை, புதுவழி காணுதல், விடையைத் தெளிவாக வெளிப்படுத்துதல் என்னும் கருத்துடைய எட்டுக் குணங்களை அவர் எண்ணுகிறார். இவை கணக்குக்கு மட்டும் உரியவையல்ல. நூல் கற்கும் எவர்க்கும் வேண்டியவை.

சரியும் தவறும்

மகாவீராச்சாரியரின் எல்லா முடிவுகளும் இன்று ஏற்கத்தக்கவையல்ல. எந்த எண்ணையும் சுழியத்தால் பெருக்கினால் சுழியம் என்று அவர் சரியாகவே கூறினார். ஆனால் சுழியத்தால் வகுத்தால் அவ்வெண் மாறாது நிற்கும் என்று எழுதினார். பங்கு கொள்ள ஒருவரும் இல்லாதவிடத்துப் பொருள் குறையாது என்னும் எண்ணத்தால் அவ்வாறு கொண்டிருக்கலாம். கணித விதிப்படி அது பிழை. நீள்வட்டத்தின் பரப்புக்கு அவர் தந்த விதியும் துல்லியமன்று.

அதே ஆசிரியர், குறை எண்ணுக்கு வர்க்கமூலம் இல்லை என்பதை ஐயமின்றி எடுத்துரைத்தார். எந்த எண்ணையும் அதனாலேயே பெருக்கினால் மிகை எண்ணே வருமாதலின், குறை எண் எதற்கும் வர்க்கமாகாது என்பது அவர் காட்டிய காரணம். இவ்வினாவை நேர்நின்று ஆராய்ந்த இந்திய ஆசிரியர்களுள் அவர் முன்னோடி. நிலவியலில் பரும அளவு எனவும் நுண்ணளவு எனவும் இருவகை விடைகளைப் பிரித்துக் காட்டியதும் அவர் நேர்மைக்குச் சான்று. வட்டத்தின் சுற்றளவுக்கு விட்டத்தின் மும்மடங்கு என்பது பருமையான கணக்கு. பத்தின் வர்க்கமூலம் கொண்டு பெருக்குவது நுண்ணிய கணக்கு. பின்னது சமண நூல்களில் நெடுங்காலம் வழங்கிய அளவாகும். எவ்விடத்துத் தோராயம் போதும், எவ்விடத்து நுட்பம் வேண்டும் என்பதை மாணவன் அறிந்திருக்க வேண்டும் என்று அவர் கருதினார்.

கள்ளாமையும் கணக்கும்

இல்லறத்தார் மேற்கொள்ளும் ஐந்து அணுவிரதங்களுள் கள்ளாமையும் ஒன்று. அவ்விரதத்திற்கு நேரும் குற்றங்களைச் சமந்தபத்திராச்சாரியரின் இரத்தினகரண்ட சிராவகாசாரமும், அதன் வழியில் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பும் எடுத்துரைக்கின்றன. கூட்டியும் குறைத்தும் அளப்பதும், போலிப்பொருளைக் கலந்து விற்பதும் அவற்றுள் அடங்கும். உமாசுவாமிகளின் தத்துவார்த்த சூத்திரமும் தவறான எடையையும் அளவையும் இவ்விரதத்தின் குற்றமாகவே கூறுகிறது. அறியாமல் தவறாக அளப்பவனும் வாங்குபவனுக்கு இழப்பை உண்டாக்குகிறான். ஆதலின் சமண வணிகனுக்குக் கணக்கறிவு பிழைப்புக் கருவி மட்டுமன்று; விரதத்தைக் காக்கும் வேலியும் ஆகும்.

கணித சார சங்கிரகத்தின் கலப்புக் கணக்கு அதிகாரம் இவ்வணிக வாழ்வையே களமாகக் கொண்டுள்ளது. முதல், வட்டி, காலம் ஆகியவற்றுள் தெரியாததைக் காண்பது, கூட்டு வணிகத்தில் இலாபத்தை முதலுக்கேற்பப் பங்கிடுவது, வெவ்வேறு மாற்றுடைய பொன்னை உருக்கிச் சேர்த்தால் வரும் மாற்று எவ்வளவு என அறிவது ஆகியன அதில் வரும். பொன் கணக்கின் விதி எளியது. ஒவ்வொரு பொன்னின் எடையையும் மாற்றையும் பெருக்கிக் கூட்டி, மொத்த எடையால் வகுக்க வேண்டும். பத்து மாற்றுப் பொன் மூன்று எடையும் பதினான்கு மாற்றுப் பொன் ஓர் எடையும் சேர்ந்தால் மொத்தம் 44; நான்கால் வகுக்கப் பதினொரு மாற்று. இதனைச் செய்யத் தெரிந்த பொற்கொல்லன் பிறரை ஏமாற்ற வேண்டியதில்லை; செய்யத் தெரிந்த வாடிக்கையாளன் ஏமாற வேண்டியதுமில்லை.

சுவடிகளின் நெடும்பயணம்

மகாவீராச்சாரியரின் நூல் தென்னாட்டில் பல நூற்றாண்டுகள் பாடநூலாக விளங்கிற்று. பதினோராம் நூற்றாண்டில் பாவுலூரி மல்லனர் அதனைத் தெலுங்கில் ஆக்கினார். கன்னடத்தில் இராசாதித்தர் என்னும் சமணப் புலவர் வியவகார கணிதம் இயற்றி அம்மரபைத் தொடர்ந்தார். பின்னர்ப் பள்ளிகள் மாறின, பாடங்கள் மாறின, கணித சார சங்கிரகம் மடங்களிலும் சுவடிச்சாலைகளிலும் அடங்கிக் கிடந்தது.

அதனை மீட்டு உலகிற்கு அளித்த ஊர் சென்னை. மாநிலக் கல்லூரியில் வடமொழிப் பேராசிரியராகவும், அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தின் காப்பாளராகவும் விளங்கிய இராவ் பகதூர் ம. ரங்காச்சாரியாரிடம், அந்நாளையக் கல்வித்துறை இயக்குநர் ஜி. எச். ஸ்டூவர்ட் ஒரு வேண்டுகோள் விடுத்தார். இந்நாட்டுக் கணித வரலாற்றுக்கு ஒளிதரும் நூல் ஏதேனும் நூலகத்தில் இருப்பின் கண்டு வெளியிட வேண்டும் என்பது அது. தேடியபோது கணித சார சங்கிரகத்தின் முற்றுப்பெறாத பிரதிகள் மூன்று கிடைத்தன. அவற்றுள் ஒன்று கிரந்த எழுத்தில் அமைந்தது. தமிழ் நாட்டிலும் இந்நூல் எழுதிக் காக்கப்பட்டதற்கு அதுவே சான்று. மற்றவை கன்னட எழுத்தில் இருந்தன. எந்த ஒன்றிலும் நூல் முழுமையாக இல்லை. மைசூரிலிருந்தும் மூடபித்ரி சமண மடத்திலிருந்தும் வேறு பிரதிகள் பெறப்பட்ட பின்னரே விடுபட்ட பகுதிகள் நிரம்பின.

வைணவராகிய ரங்காச்சாரியார் இச்சமண நூலின் ஒவ்வொரு கணக்கையும் தாமே செய்து பார்த்து, ஆங்கில மொழிபெயர்ப்பும் விளக்கமும் விடைகளும் சேர்த்து, 1912-இல் சென்னை அரசு அச்சகத்தின் வாயிலாக வெளியிட்டார். அமெரிக்கக் கணித வரலாற்றறிஞர் டேவிட் யூஜின் ஸ்மித் அதற்கு முன்னுரை வழங்கினார். அச்சேறும் முன்பே, 1908-இல் உரோமை நகரில் கூடிய பன்னாட்டுக் கணித மாநாட்டில் அவர் இந்நூலைப் பற்றி எடுத்துரைத்திருந்தார். பின்னர் 1963-இல் சோலாப்பூரிலிருந்து இந்தி மொழிபெயர்ப்பும், 2000-இல் ஹொம்புஜ சமண மடத்தின் வாயிலாகக் கன்னட மொழிபெயர்ப்பும் வெளிவந்தன.

ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு நூல் மீண்டதற்குக் காரணமானவர்களுள் பெயர் தெரிந்தவர் மிகச் சிலர். ஓலை சிதையுமுன் அதனைப் படியெடுத்த கைகளின் பெயர் எங்கும் இல்லை. அவர்களுட் பலர் படியெடுத்தலைச் சாஸ்திர தானமாகக் கொண்ட சிராவகர்களே. ஐந்து அதிகாரம் மட்டும் எழுதியவர் ஒருவர்; நிலவியல் அதிகாரம் மட்டும் எழுதியவர் மற்றொருவர். ஒவ்வொருவரும் தம்மால் இயன்ற பகுதியைக் காத்தனர். அப்பகுதிகள் ஒன்றுசேர்ந்தபோது நூல் முழுமை பெற்றது. தமிழ்ச் சமணர் இல்லங்களின் பரண்களிலும் பழைய பெட்டிகளிலும் இன்றும் உறங்கும் சுவடிகளுள், வேறெங்கோ அறுபட்டு நிற்கும் ஒரு நூலின் எஞ்சிய ஏடு இருக்கக்கூடும். விழாக்காலத்தில் அவற்றைத் தூசி தட்டி, படித்தறிய வல்லாரிடம் சேர்ப்பதும் சாஸ்திர தானமே.

மகாவீராச்சாரியர்க்குச் சிலை இல்லை. அவர் திருமேனி எவ்வாறிருந்தது என்பதற்கு ஓவியமும் இல்லை. அவர் விட்டுச் சென்றவை கணக்குகள் மட்டுமே. ஜினாலயம் செல்லும் சிறுவர் சிறுமியர்க்கு வழியிலேயே 139-ஐ 109-ஆல் பெருக்கச் சொல்லி, விடை மாலையாகக் கோத்து வருவதைக் காட்டும் பெற்றோர், அந்த ஆச்சாரியரின் பள்ளியைச் சிறிது நேரமேனும் மீண்டும் நடத்துபவர் ஆவர்.